புகைக் குழாய்க்குள் பெய்யும் மழை

மார்கழி மாதத்து அதிகாலையில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது அதன் பின்புறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? புகைக் குழாயின் வாயிலிருந்து முதலில் வெண்ணிற ஆவி வரும். சற்று நேரத்தில் அதே வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். 'இரவு பெய்த பனி உள்ளே இறங்கிவிட்டது' என்பார் ஒருவர். 'நேற்று வண்டியைக் கழுவியபோது போன தண்ணீர்' என்பார் இன்னொருவர். இரண்டும் சரியல்ல. வண்டியைக் கழுவாவிட்டாலும், பனியே இல்லாவிட்டாலும் அந்தத் தண்ணீர் வரும். அது பெட்ரோலிலிருந்து பிறந்த தண்ணீர்!

பழைய மோட்டார் சைக்கிள்களின் புகைக் குழாய்களை மெல்ல மெல்லத் தின்று தீர்ப்பது இந்தத் தண்ணீர்தான். வெளியே கண்ணாடிபோல் மின்னும் குழாயைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஓட்டை இருக்கும். ஏன் இப்படி? இதற்கு விடை தெரியாமல் குழாயைப் பழுது பார்ப்பதில் பயனில்லை. ஓட்டையை அடைத்த ஓராண்டில் பக்கத்திலேயே இன்னோர் ஓட்டை விழும். ஆகவே முதலில் காரணத்தைக் காண்போம். பிறகு பட்டறைக்குள் நுழைவோம்.

சென்னையில் உருவான புல்லட்

செட்டிநாட்டில் பழைய பொருள்களுக்கு எப்போதும் மதிப்பு உண்டு. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் மரத் தூண் முதல் எனாமல் பாத்திரம் வரை பார்க்கலாம். பழைய வண்டிகளைப் புதுப்பித்து ஓட்டுவதில் ஆர்வம் உள்ளவர்களும் இங்கே உண்டு. அவர்கள் விரும்பும் வண்டிகளுள் ஒன்றான 350 சி.சி. புல்லட்டை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும், இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் இருந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' என்ற நிறுவனத்தைத் தொடங்கின. இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டுவதில் தொடங்கிய வேலை, பின்னர் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்வதாக வளர்ந்தது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்ட பிறகும் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து உருவாயிற்று. 1977-இல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது!

இந்தப் பழைய என்ஜினில் ஒரே ஒரு சிலிண்டர். அதன் உள்விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் நகரும் தூரம் 90 மில்லிமீட்டர். உருளையின் கன அளவைக் காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியும். கணக்கிட்டுப் பாருங்கள், 346 கன சென்டிமீட்டர் வரும். ஒரு சிலிண்டர், ஒரு புகைக் குழாய், ஒரு சைலன்ஸர் என்று எல்லாம் ஒன்றாக இருப்பதால் பாடம் படிக்க ஏற்ற வண்டி இது.

லிட்டருக்கு லிட்டர்

பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. கணக்கு எளிதாவதற்காக அதை ஆக்டேன் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். ஆக்டேன் மூலக்கூறு ஒன்றில் 8 கார்பன் அணுக்களும் 18 ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. முழுமையாக எரியும்போது 8 கார்பன் அணுக்களும் 8 கரியமிலவாயு மூலக்கூறுகளாகும். 18 ஹைட்ரஜன் அணுக்களும் 9 நீர் மூலக்கூறுகளாகும்.

இனி எடையைப் பார்ப்போம். ஆக்டேனின் மூலக்கூறு எடை 114. ஒன்பது நீர் மூலக்கூறுகளின் எடை 9 × 18 = 162. அதாவது 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் நீர் உண்டாகும். எரிபொருளைவிட நீரின் எடை கூடுதலாக இருக்கிறதே என்று வியக்க வேண்டாம். நீரிலுள்ள ஆக்ஸிஜன் காற்றிலிருந்து வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ 740 கிராம். அது எரிந்தால் சுமார் ஒரு கிலோகிராம், அதாவது ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும்.

லிட்டருக்கு லிட்டர்! வண்டியில் 12 லிட்டர் பெட்ரோல் நிரப்பி ஓட்டினால், ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகப் போகிறது. அவ்வளவும் ஆவியாகவே வெளியேறினால் கவலை இல்லை. குழாய்க்குள்ளேயே நீராக மாறித் தங்கும்போதுதான் தொல்லை.

கோட்டையூர் வரை போனால் போதுமா?

காற்றிலுள்ள நீராவி எந்த வெப்பநிலையில் நீர்த்துளியாகத் தொடங்குகிறதோ அதைப் பனிநிலை என்கிறோம். என்ஜின் புகையில் நீராவி மிகுதி. நமது ஆக்டேன் கணக்கில், எரிந்தபின் வரும் வாயுவில் ஏழில் ஒரு பங்கு நீராவிதான். மற்றவை நைட்ரஜனும் கரியமிலவாயுவும். அதனால் அதன் பனிநிலையும் உயரமானது; ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல். குழாயின் சுவர் அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை உள்ளே நீராவி நீராகிக்கொண்டே இருக்கும். குழாய்க்குள் மழை பெய்கிறது என்றே சொல்லலாம்.

வண்டி கிளம்பியதும் என்ஜினுக்கு அருகே உள்ள குழாய் விரைவில் சுட்டுவிடும். ஆனால் பின்னால் இருக்கும் சைலன்ஸர் கனமான இரும்பு. அது முழுவதும் சூடாகச் சிறிது தூரம் ஓட வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் வண்டியில் சைலன்ஸர் நன்றாகச் சூடாகி, முதலில் தேங்கிய நீரெல்லாம் ஆவியாகிவிடும். வீட்டிலிருந்து கடைவீதிக்கும், அங்கிருந்து பக்கத்துக் கோட்டையூருக்கும் போய் நின்றுவிடும் வண்டியில் மழை பெய்யும், காய நேரம் இருக்காது. வாரம் ஒருமுறை கிளப்பி ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தப்படும் வண்டியின் நிலை இன்னும் மோசம். 'வண்டி கெடாமல் இருக்கட்டும்' என்று செய்யும் அந்தச் செயலே குழாயைக் கெடுக்கிறது.

நீர் எங்கே தேங்கும்? தாழ்வான இடத்தில். அதனால்தான் ஓட்டை எப்போதும் சைலன்ஸரின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் மூட்டுகளின் அருகே விழுகிறது. பல சைலன்ஸர்களில் அடிப்பகுதியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளை இருப்பதைக் காணலாம். அது தயாரிப்பாளர் வேண்டுமென்றே விட்ட வடிகால். துரு விழுந்த ஓட்டை என்று நினைத்து அதை வெல்டிங் வைத்து அடைத்துவிட்டால், வீட்டுக் கூரையில் மழைநீர் வடியும் தூம்புவாயை அடைத்த கதைதான்.

துரு என்னும் மின்கலம்

தேங்கிய நீர் வெறும் நீர் அன்று. கரியமிலவாயு அதில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. பெட்ரோலிலுள்ள கந்தகம் எரிந்து உண்டாகும் வாயு இன்னும் கடுமையான அமிலத்தைத் தருகிறது. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் பி.எஸ். 6 தரப் பெட்ரோலில் ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கந்தகம் இருக்கக்கூடாது. ஆனால் பழைய குழாய்கள் அதற்கு முந்தைய பெட்ரோலின் புகையைப் பல ஆண்டுகள் தாங்கியவை.

இரும்பு, நீர், ஆக்ஸிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு என்று படித்திருப்பீர்கள். உண்மையில் அங்கே நடப்பது ஒரு மின்வேதியியல் வினை. ஈரமான இரும்புப் பரப்பில் ஓர் இடத்தில் இரும்பு அணு தன் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீரில் இறங்குகிறது. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே இன்னோர் இடத்துக்குப் போய் அங்கே ஆக்ஸிஜனையும் நீரையும் ஹைட்ராக்சைடு அயனிகளாக மாற்றுகின்றன. இரண்டு அயனிகளும் சந்தித்து, மேலும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து துருவாகின்றன. டார்ச் விளக்கின் பேட்டரியில் நடப்பதும் இதே வகையான எலெக்ட்ரான் ஓட்டந்தான். துருப்பிடித்த சைலன்ஸர், தன்னையே தின்று ஓடும் ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பேட்டரிகளின் தொகுப்பு.

இத்தகைய வினைகளை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. 'சிக்ரி' என்று ஊரார் அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25-ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் நாள், அப்போது குடியரசுத் துணைத்தலைவராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். உலோக அரிமானமும் மின்முலாம் பூசுதலும் அதன் முக்கிய ஆய்வுத் துறைகளுள் அடங்கும். உப்புக் காற்றில் உலோகங்கள் எப்படி அரிக்கப்படுகின்றன என்று ஆராய மண்டபத்தில் அதற்கு ஒரு நிலையமும் இருக்கிறது. தொண்டிக் கடற்கரையில் நிற்கும் வண்டியை உப்புக் காற்று வெளியிலிருந்தும் தாக்கும். காரைக்குடி வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் உள்மழை இரண்டு ஊர்களுக்கும் பொது.

பளபளப்பு ஏன் உள்ளே போகவில்லை?

'குழாய்க்குத்தான் குரோமியம் முலாம் பூசியிருக்கிறதே, பின் எப்படித் துருப்பிடிக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி.

முலாம் பூசும் தொட்டியில் குழாயை மின்சாரத்தின் எதிர்முனையோடு இணைத்து, உலோக உப்புக் கரைசலில் மூழ்க வைப்பார்கள். உலோக அயனிகள் மின்புலத்தால் இழுக்கப்பட்டுக் குழாயின் மேல் படியும். ஆனால் உலோகக் கூட்டுக்குள் வெளி மின்புலம் நுழைவதில்லை. 1836-இல் மைக்கேல் ஃபாரடே உலோகத் தகடு போர்த்திய ஒரு பெரிய கூட்டுக்குள் மின்காட்டியோடு அமர்ந்து இதைச் சோதித்துக் காட்டினார். குழாயும் இரு முனைகள் மட்டும் திறந்த ஓர் உலோகக் கூடுதான். வாயிலிருந்து சிறிது தூரத்துக்குள்ளேயே மின்புலம் தேய்ந்துவிடும். அதற்குப் பின் முலாமும் இல்லை. ஒரு பழைய குழாயின் வாயில் விளக்கடித்துப் பாருங்கள். பளபளப்பு ஓரத்தோடு நின்றுவிடும். மழை பெய்வது உள்ளே. காப்பு இருப்பதோ வெளியே!

வெளிக்காப்பிலும் ஒரு நுட்பம் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியும் குரோமியப் படலம் மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதன் அடியிலுள்ள நிக்கல் படலம் அதைவிடப் பல மடங்கு தடிமன். உண்மையில் இரும்பைக் காப்பது நிக்கல். அந்த நிக்கலில் ஊசிமுனை அளவு துளை விழுந்தால் என்ன ஆகும்? நிக்கலைவிட இரும்பு எளிதில் எலெக்ட்ரானை விடும் உலோகம். ஆகவே சுற்றியுள்ள அகன்ற நிக்கல் பரப்புக்கெல்லாம் அந்தச் சிறு இரும்புப் புள்ளியே எலெக்ட்ரான் கொடுக்க வேண்டிவரும். அரிப்பு அங்கே குவிந்து ஆழமாக இறங்கும். துத்தநாகம் பூசிய வாளியில் இதற்கு நேர்மாறு. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும்.

சைலன்ஸர் வெறும் டப்பா அன்று

ஓட்டை விழுந்த சைலன்ஸரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் குழாயோடு ஓட்டுபவர்கள் உண்டு. 'சத்தம் கம்பீரமாக இருக்கிறது, வேகமும் கூடுகிறது' என்பார்கள். இதையும் சோதிப்போம்.

புல்லட் நான்கு வீச்சு என்ஜின். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புகை தள்ளும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது நொடிக்கு 25 முறை புகை வால்வு திறக்கிறது. ஒவ்வொரு முறையும் வெளிக் காற்றைவிடப் பல மடங்கு அழுத்தமுள்ள வாயு திடீரென்று குழாய்க்குள் பாய்கிறது. அந்தத் துடிப்புதான் நாம் கேட்கும் வெடிச்சத்தம்.

சைலன்ஸர் அதை எப்படி அடக்குகிறது? குறுகிய குழாயிலிருந்து அகன்ற அறைக்குள் நுழையும் ஒலி அலையின் ஒரு பகுதி அந்த வாயிலிலேயே திரும்பிவிடும். அறையிலிருந்து மீண்டும் குறுகிய குழாய்க்குள் போகும்போது இன்னொரு பகுதி திரும்பும். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள அறைக்குள் திறப்பதாகக் கொள்வோம். பரப்பு 9 மடங்கு. அறையின் நீளம் அலைநீளத்தில் கால் பங்காக அமையும் ஒலிக்கு, ஆற்றலில் சுமார் இருபதில் ஒரு பங்கே வெளியே போகும். ஆனால் அறையின் நீளம் அலைநீளத்தில் பாதியாக அமையும் ஒலி தடையின்றிப் போய்விடும். அதனால்தான் உள்ளே வெவ்வேறு நீளமுள்ள அறைகளாகத் தடுப்புத் தகடுகளும் துளையிட்ட குழாய்களும் வைத்திருக்கிறார்கள். ஓர் அறை விட்டதை மற்றோர் அறை பிடித்துக்கொள்ளும்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது. அழுத்த அலை, குழாய் அகலும் இடத்தை அடையும்போது தாழ்ந்த அழுத்த அலையாக மாறித் திரும்பி வரும். சூடான வாயுவில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். ஒரு மீட்டர் நீளக் குழாயில் போய்த் திரும்ப ஆயிரத்தில் நான்கு நொடி ஆகும். அதற்குள் 3,000 சுற்று வேகத்தில் ஓடும் என்ஜின் 72 டிகிரிதான் திரும்பியிருக்கும். புகை வால்வு இன்னும் திறந்தே இருக்கும். திரும்பி வந்த தாழ்ந்த அழுத்தம், மிச்சப் புகையை உறிஞ்சி எடுக்க உதவும். குழாயின் நீளத்தை மாற்றினால் அலை தவறான நேரத்தில் வந்து சேரும்.

இரண்டு வீச்சு என்ஜின்களில் இதன் பங்கு இன்னும் பெரிது. பழைய கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் பொறியாளராக இருந்த வால்டர் காடன், 1950களில் இந்த அலைகளை அளந்து, அகன்று குறுகும் புகைக் குழாய்களை வடிவமைத்தார். 1961-இல் அவருடைய 125 சி.சி. பந்தய என்ஜின் 25 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்ற அந்த அளவு அக்காலத்தில் வியப்புக்குரியது. மைசூரில் 1961 முதல் 1996 வரை உருவான ஜாவா, எஸ்டி வண்டிகளும், 1985-இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-உம் இரண்டு வீச்சு வண்டிகளே. புகைக் குழாயும் என்ஜினின் ஓர் உறுப்பு என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

சத்தத்தின் விலையையும் பார்க்க வேண்டும். 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 88 டெசிபலில் 4 மணி நேரந்தான். ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம். ஓட்டுபவர் இதை விரும்பி ஏற்கலாம். தெருவில் உறங்கும் குழந்தையும் திண்ணையில் இருக்கும் முதியவரும் விரும்பி ஏற்கவில்லை. சைலன்ஸர் கட்டாயம் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி கூறுகிறது.

பட்டறைக்குள் நுழைவோம்

இனிப் பழுதுபார்க்கும் வேலை. இதைக் கைதேர்ந்த மெக்கானிக்கும் வெல்டரும் செய்யட்டும். நீங்கள் அருகிருந்து 'ஏன்' என்று கேளுங்கள்.

முதலில் நோட்டம். குளிர்ந்திருக்கும் குழாயை ஸ்க்ரூடிரைவரின் மரக் கைப்பிடியால் தட்ட வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருவால் மெலிந்தது மந்தமாக ஒலிக்கும். சைலன்ஸரைக் குலுக்கினால் உள்ளே கலகலவென்றால் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறது. மூட்டுகளில் கரும்புகைத் தடம் தெரிந்தால் அங்கே கசிவு. என்ஜினை ஒட்டிய பகுதியில் முலாம் மஞ்சளாகவும் நீலமாகவும் மாறியிருந்தால் அங்கே அளவுக்கு மீறிய சூடு. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெயில் வானவில் நிறம் தோன்றுவதுபோல, சூட்டினால் வளர்ந்த மெல்லிய ஆக்சைடு படலத்தில் ஒளி அலைகள் குறுக்கிட்டுத் தரும் நிறம் அது. பெட்ரோல் குறைந்த கலவை, காற்றுக் கசிவு, தவறான நேரத்தில் தெறிக்கும் தீப்பொறி ஆகியவற்றில் எது காரணம் என்று பார்த்துச் சரிசெய்யாவிட்டால் புதிய முலாமும் நீலமாகிவிடும்.

அடுத்தது கழற்றுதல். இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கு மேல் பெருகும். அதனால் நட்டும் போல்ட்டும் இறுகிப்போகும். மண்ணெண்ணெயும் என்ஜின் ஆயிலும் கலந்து இரவு முழுவதும் ஊறவிட்டால், நுண்புழை ஏற்றத்தால் அது மரைகளுக்குள் ஏறும். அவசரப்பட்டு ஸ்பானரில் தொங்கினால் போல்ட்டு முறியும். மண்ணெண்ணெய் ஊற்றிய இடத்தில் தீயைக் காட்டவே கூடாது. இன்னோர் எச்சரிக்கை: பழைய வண்டிகளின் மூட்டு வாஷர்களிலும் சுற்றுக் கயிறுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டக்கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பகை.

பிறகு சுத்தம். மேல்துருவுக்குப் புளிக்கரைசல் நல்லது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் இரும்பு அயனிகளைப் பற்றிக்கொண்டு துருவைக் கரைக்கும். ஆனால் அளவுக்கு மீறி ஊறினால் நல்ல இரும்பையும் அரிக்கும். கழுவி, உடனே உலர்த்தி, எண்ணெய் தடவ வேண்டும்.

ஒட்டுப் போடும்போது மெலிந்த தகட்டை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு, நல்ல தகடு தொடங்கும் இடத்தில், அதே தடிமனுள்ள இரும்புத் தகட்டை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அந்த ஓரத்திலுள்ள முலாமை முன்பே தேய்த்து நீக்குவது அவசியம். குரோமியப் புகை நச்சு. உட்தகடுகளை முன்பிருந்த இடத்திலேயே பொருத்த வேண்டும். அறையின் நீளம் மாறினால் ஒலிக் கணக்கும் மாறிவிடும். வேலை முடிந்ததும் ஒரு வாயை அடைத்து, மறுவாய் வழியாகச் சைக்கிள் பம்பால் காற்றடித்து, வெல்டிங் மீது சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழாகத் தெரியும். டியூபைப்போல் தண்ணீர்த் தொட்டியில் முக்க வேண்டாம். எந்தத் தண்ணீரை விரட்டப் பார்க்கிறோமோ அதுவே உள்ளே போய்விடும். வடிகால் துளை இருந்தால் அது திறந்திருக்கட்டும்.

பூட்டும்போது எல்லா நட்டுகளையும் முதலில் தளர்வாக மாட்டி, என்ஜின் பக்கத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி இறுக்க வேண்டும். பின்பக்கத்தை முதலில் இறுக்கினால் குழாய் முறுக்கிய நிலையில் நிற்கும். நொடிக்கு இருபது முப்பது முறை அதிரும்போது அந்த முறுக்கு, தாங்கியின் அருகே விரிசலாக வெளிப்படும். பழைய புல்லட்டுகளில் தாங்கியருகே வெடிப்பு விழுந்திருந்தால் துருவை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

சோதனை ஓட்டம் திறந்த வெளியில் நடக்கட்டும். பூட்டிய அறைக்குள் என்ஜினை ஓடவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேரும். அது உயிரைக் குடிக்கும் நஞ்சு.

மின்னுவதற்கு என்ன விலை?

கடைசியாக முலாம். குரோமியம் முலாம் பூச நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியக் கரைசல். அது புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. ராணிப்பேட்டையில், தோல் பதனிடுவதற்கும் பிற தொழில்களுக்கும் குரோமிய உப்புகள் தயாரித்த ஆலை ஒன்று 1995-இல் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற 2 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவிலிருந்து குரோமியம் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஆகவே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதியுள்ள பட்டறையில்தான் முலாம் பூசக் கொடுக்க வேண்டும். வீட்டில் முயலவே கூடாது. மூன்று இணைதிறன் குரோமியத்தைக் கொண்டு பூசும் முறை தீங்கு குறைந்தது. பளபளப்பு கட்டாயமில்லை என்றால் வெப்பம் தாங்கும் அலுமினியப் பெயிண்டே போதும். எதைப் பூசினாலும் அது வெளிப்பக்கத்துக்குத்தான் என்பதை மறவாதீர்கள்.

உள்பக்கத்துக்கு ஒரே மருந்து வெப்பம். வண்டியைக் கிளப்பினால் சைலன்ஸரின் கடைசி முனை வரை நன்றாகச் சூடேறும் அளவுக்கு ஓட்ட வேண்டும். அவ்வளவு தூரம் போக வேலை இல்லை என்றால் அன்று கிளப்பாமலே விடலாம். கோட்டையூருக்குச் சைக்கிளில் போகலாமே!

நீங்களே செய்து பாருங்கள்

துருவை மின்சாரத்தால் நீக்கும் எளிய சோதனை ஒன்றை ஆசிரியர் துணையோடு செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்து, ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கரையுங்கள். துருப்பிடித்த ஆணியை 9 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையோடும், சாதாரண இரும்புத் துண்டு ஒன்றை நேர்முனையோடும் கம்பியால் இணைத்து, ஒன்றையொன்று தொடாதபடி கரைசலில் வையுங்கள். ஆணியிலிருந்து ஹைட்ரஜன் குமிழிகள் கிளம்பும், துரு இளகும். சில மணி நேரம் கழித்து ஆணியைத் தேய்த்தால் கருமையாக உதிரும்.

மூன்று எச்சரிக்கைகள்: சன்னல் திறந்திருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது. சோடாவுக்குப் பதில் உப்பைப் போடக்கூடாது, குளோரின் வரும். நேர்முனையில் எவர்சில்வர் கரண்டியை வைக்கக்கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் கரையக்கூடும். வீட்டு மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

சோதனை முடிந்ததும் ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். ஆணிக்குப் பதிலாக, உட்புறம் துருப்பிடித்த நீண்ட இரும்புக் குழாய் ஒன்றை இதே முறையில் சுத்தம் செய்ய வேண்டுமானால் நேர்முனைத் துண்டை எங்கே வைப்பீர்கள்? ஃபாரடேயின் கூட்டை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும்.